நான்கு சர்வர்கள், ஒரு பெட்டி: எங்கள் வீட்டு மீடியா சர்வர்களை இணைத்த கதை

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் நான்கு கணினிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. ஹாலில் 2011-இல் வாங்கிய டெஸ்க்டாப். இரண்டாம் தலைமுறை ஐ3, அதில் வீடியோக்களை டிவிகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருள், பின்னால் தொங்கும் இரண்டு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க். அப்பாவின் அறையில் இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (வீட்டு வலையில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி). அவருடைய கேசட் பதிவுகளும் குடும்பப் படங்களும் அதில். பரணில் திரை உடைந்த ஒரு லேப்டாப்; மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வரும் டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களை டிவிஹெட்எண்ட் மூலம் வீட்டு டிவிகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. ரவுட்டர் பக்கத்தில் ராஸ்பெரி பை 3 என்ற கைக்கடக்கமான கணினி. அதில் இணைய முகவரிகளைத் தேடித் தந்து விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோல், கூடவே அப்பாவின் பாட்டுக்காக நேவிட்ரோம்.

யாரும் திட்டம் போட்டு இப்படி அமைக்கவில்லை. ஒவ்வொரு தேவை வந்தபோதும் கையில் இருந்த ஒரு பழைய பெட்டியைப் போட்டோம், அவ்வளவுதான். 2024 கோடையில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று, மகள் போனில் எடுக்கும் 4கே வீடியோ எதுவும் பாட்டி அறையிலிருக்கும் பழைய டிவியில் ஓடவில்லை. போன் அதை ஹெச்இவிசி என்ற சுருக்க வடிவில் சேமிக்கிறது. அந்த டிவிக்கு அது புரியாது. சர்வர் உடனுக்குடன் மாற்றித் தரவேண்டும். 2011-ஆம் ஆண்டு ஐ3-இல் ஹெச்இவிசிக்கான வன்பொருளே கிடையாது. இரண்டு கோர்களும் முழு மூச்சாக ஓடியும் படம் மூன்று விநாடிக்கு ஒருமுறை நின்றது.

இன்னொன்று கரண்ட் பில். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி ஒவ்வொரு பெட்டியாக அளந்தேன். டெஸ்க்டாப்பும் அதன் டிஸ்க்குகளும் 71 வாட், நாஸ் 24, லேப்டாப் 19, பை 4. மொத்தம் 118 வாட், யாரும் எதையும் பார்க்காத நேரத்திலும். ஒரு வாட் சுமை இடைவிடாமல் 60 நாள் ஓடினால் 1.44 யூனிட். அப்படியானால் இந்த நான்கும் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 170 யூனிட் சாப்பிட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு. அப்போது முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான கட்டணமும் கூடிவிடும். கோடையில் நாங்கள் 570-ஐ ஒட்டி நின்றோம். எழுபது யூனிட்டைக் குறைத்தால் போதும், பில் ஒரு படி இறங்கிவிடும்.

பெட்டியும் அடித்தளமும்

சென்னை ரிச்சி தெருவில், அலுவலகத்திலிருந்து கழித்துவிடப்பட்ட ஒரு டவர் கணினி வாங்கினேன். ஐ5-8500, ஆறு கோர். இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கோர் எண்ணிக்கை இல்லை. உள்ளே இருக்கும் யூஎச்டி 630 கிராஃபிக்ஸ். வீடியோவை வன்பொருளிலேயே மாற்றித் தரும் இன்டெல்லின் குவிக் சிங்க் 2011-லிருந்தே இருக்கிறது. ஆனால் 10 பிட் ஹெச்இவிசியை முழுதும் வன்பொருளிலேயே பிரிப்பது ஏழாம் தலைமுறையிலிருந்துதான். அதற்கு முந்தைய பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வீட்டு வீடியோவுக்கு வாங்காதீர்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டாம். சும்மா இருக்கும்போதே அது மின்சாரம் இழுக்கும்.

நினைவகத்தை 32 ஜிபி ஆக்கினேன். 8 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினேன். பெட்டியைவிட அவற்றுக்குத்தான் அதிகம் செலவானது. வாங்கும்போது, தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டேன். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓட்டு வேய்ந்த மாதிரி படிந்திருக்கும். ஒரு இடத்தில் மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு டிஸ்க் போய் இன்னொன்றைப் போட்டு நிரப்பும் சமயத்தில் அது நாள்கணக்கில் இழுக்கும்.

ஒரே பெட்டிக்குள் பல கணினிகளை ஓட்டும் மெய்நிகர் அடுக்குக்கு ப்ராக்ஸ்மாக்ஸ். வியன்னாவிலிருந்து வரும் இந்த மென்பொருள் டெபியன் லினக்ஸ் மேல் நிற்கிறது. முழு மெய்நிகர் கணினியாக (விஎம்) ஓட்ட கேவிஎம், இலேசான கண்டெய்னராக ஓட்ட எல்எக்ஸ்சி, இரண்டும் ஒரே திரையில் கிடைக்கும். பயாஸில் விடி-எக்ஸ், விடி-டி என்ற மெய்நிகர் வசதிகள் இரண்டையும் இயக்கிவிட்டு நிறுவினால் அரைமணி நேர வேலை.

சேமிப்பை எங்கே வைப்பது என்பதில்தான் ஒரு வாரம் யோசித்தேன். ட்ரூநாஸ் என்ற சேமிப்பு மென்பொருளை ஒரு விஎம்-ஆகப் போட்டு டிஸ்க்குகளை அதனிடம் ஒப்படைப்பது பலர் செல்லும் வழி. அதைச் சரியாகச் செய்ய, டிஸ்க் கண்ட்ரோலர் கார்டையே முழுதாக விஎம்முக்குக் கொடுக்க வேண்டும். டிஸ்க்கை மட்டும் மெய்நிகர் டிஸ்க்காகக் கொடுத்தால் அதன் உடல்நிலைத் தகவல் உள்ளே போகாது. டிஸ்க் சாகப்போவது ட்ரூநாஸுக்குத் தெரியாது. அதோடு, நாஸ் விஎம் எழுந்த பிறகுதான் ஜெல்லிஃபின் எழ முடியும் என்ற வரிசைச் சிக்கலும் வரும். எங்கள் வீட்டுக்கு இது தேவையில்லாத அடுக்கு என்று முடிவெடுத்தேன். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை ப்ராக்ஸ்மாக்ஸிலேயே இருக்கிறது. இரண்டு டிஸ்க்கையும் அதில் மிரராக, அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் இருக்கும்படி கட்டி, ஃபோல்டரை நேரடியாகக் கண்டெய்னர்களுக்குள் மாட்டிக் கொடுத்தேன். ஃபோல்டர்களை வீட்டுக் கணினிகளோடு பகிரும் சாம்பாவுக்குத் தனியாக ஒரு சின்னக் கண்டெய்னர். மீடியா ஃபோல்டருக்கு ரெக்கார்டு அளவை, அதாவது கோப்பைப் பிரித்து எழுதும் துண்டின் அளவை, 1 மெகாபைட் ஆக்கினேன். பெரிய கோப்புகளுக்கு அதுதான் ஏற்றது. இசட்எஃப்எஸ் தன் தற்காலிக நினைவுக்கு எடுத்துக்கொள்ளும் இடத்தை 6 ஜிபியில் நிறுத்தினேன். ஒரு படத்தை ஒருமுறை வரிசையாகப் படிப்பதற்கு அதற்குமேல் கொடுத்துப் பயனில்லை.

ஜெல்லிஃபின், நேவிட்ரோம், சாம்பா மூன்றும் சலுகையற்ற, அதாவது வெளியே நிர்வாகி உரிமை இல்லாத கண்டெய்னர்கள். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கண்டெய்னருக்குள் 1000 என்ற எண்ணில் இருக்கும் பயனர், வெளியே 101000 ஆகத்தான் தெரிவார். ஃபோல்டர் உரிமையை அந்த வெளி எண்ணுக்குக் கொடுக்காவிட்டால், கோப்பு கண்ணுக்குத் தெரியும், திறக்காது. கிராஃபிக்ஸ் சாதனத்துக்கும் இதே கதை. ரெண்டர் என்ற குழுவின் எண் வெளியே ஒன்று, உள்ளே வேறு. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2-லிருந்து இதைத் திரையிலேயே குழு எண்ணோடு சேர்த்துக் கொடுக்க முடிகிறது. முன்பு கையால் எழுதிய நான்கைந்து வரிகளை இனி எழுத வேண்டியதில்லை. கிராஃபிக்ஸை ஒரு விஎம்முக்கே முழுதாகக் கொடுத்திருந்தால் வேறு யாரும் அதைத் தொட முடியாது. பெட்டியில் மானிட்டர் மாட்டினாலும் இருட்டாகத்தான் இருக்கும். கண்டெய்னர் வழியில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். பின்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மானிட்டர்தான் என்னைக் காப்பாற்றியது.

அப்பாவின் கோப்புப் பெயர்கள்

நகலெடுப்பது ஓர் இரவு வேலை என்று நினைத்திருந்தேன். கணக்குப்படி அது சரிதான். கிகாபிட் வலையில் விநாடிக்கு 110 மெகாபைட் போகும். 4 டெராபைட்டுக்குப் பத்து மணி நேரம். பழைய டெஸ்க்டாப்பில் யூஎஸ்பி 2 மட்டும்தான் என்பதால் அந்த டிஸ்க்குகளைக் கழற்றிப் புதிய பெட்டியிலேயே சொருகினேன்.

காலையில் பார்த்தால், நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க்கின் பிழைப் பட்டியல் பக்கம் பக்கமாக ஓடியிருந்தது. எல்லாமே ஒரே பிழை: கோப்புப் பெயர் மிக நீளம். எல்லாமே அப்பாவின் கேசட்டுகள்.

அப்பா 1980-களிலும் 90-களிலும் சபாக்களிலும் கோயில் உற்சவங்களிலும் தானே பதிவு செய்த கேசட்டுகள் முந்நூறுக்கு மேல். ஓய்வு பெற்றபின் ஒவ்வொன்றாகக் கணினிக்கு ஏற்றினார். பாடியவர், பக்கவாத்தியம், ராகம், இடம், தேதி, கேசட்டின் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதிவைத்தார், தமிழில். அவர் எழுதியது விண்டோஸ் டிஸ்க்கில். அங்கே ஒரு பெயரில் 255 குறியீடுகள் வரை எழுதலாம். லினக்ஸில், இசட்எஃப்எஸ் ஆனாலும் எக்ஸ்ட்4 ஆனாலும், வழக்கமான வரம்பு 255 பைட். அங்கே பெயர்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். புள்ளிக்கும் துணையெழுத்துக்கும் தனித்தனியாக மூன்று. ‘ஸ்ரீரங்கம்’ என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து. உள்ளே பத்துக் குறியீடு, முப்பது பைட். ஆக ஒரு தமிழ்ப் பெயருக்கு லினக்ஸ் தரும் இடம் 85 குறியீடு. அப்பாவின் பெயர்கள் அதைத் தாண்டின.

பழைய நாஸ் பெட்டிக்குள் இருந்ததும் லினக்ஸ்தான். அப்படியென்றால் இந்தக் கோப்புகள் அதிலும் ஏறியிருக்கவே முடியாது. போய்ப் பார்த்தேன். ஏறவில்லை. பல வருடங்களாக ‘எல்லாம் நாஸில் பத்திரமாக இருக்கிறது’ என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்ததில், நீளமான பெயர் கொண்ட 212 பதிவுகள் ஒரே ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் மட்டும் இருந்தன. அதைத் தெரிந்துகொண்டபோது கை சில்லிட்டது. இந்த இடமாற்றத்தால் மிச்சமான கரண்ட்டைவிட, இது கண்ணில் பட்டதே பெரிது.

அன்றைக்கே அந்த டிஸ்க்கை முழுதாக இன்னொரு டிஸ்க்குக்குப் பிம்பமாக எடுத்து வைத்துவிட்டு அப்பாவோடு உட்கார்ந்தேன்.

“பெயரைச் சுருக்கணும்ப்பா. பாடினவர், ராகம், வருஷம் மட்டும் இருக்கட்டும்.”

“மிருதங்கம் யாருன்னு எங்கே எழுதறது? பத்து வருஷம் கழிச்சு யாருக்குத் தெரியும்?”

அவர் கேட்டது நியாயம். பெயரிலிருந்து எடுத்ததை வேறெங்காவது வைத்தே ஆகவேண்டும். பழைய முழுப் பெயரை அப்படியே ஃப்ளாக் ஒலிக்கோப்பின் குறிப்புப் புலத்தில் எழுதிவிட்டு, அதன்பிறகு பெயரைச் சுருக்கும் சின்ன பைத்தான் நிரல் ஒன்று எழுதினேன். ஃப்ளாக் குறிப்புக்கு 255 பைட் கட்டுப்பாடு இல்லை. நேவிட்ரோம் அந்தக் குறிப்பைக் காட்டும். கூடவே எல்லாப் பெயர்களையும் ஒரு அட்டவணையாக அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனாவோடு இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்தார். பல தேதிகள் மாறின.

அடுத்து ‘கொலு’. கோப்புறைப் பட்டியலில் ‘கொலு 2015’ இரண்டு தடவை வந்தது. பார்க்க ஒன்றுதான், பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒன்றுதான். ஒன்றில் பாதிப் படங்கள், இன்னொன்றில் மீதி. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாக எழுதலாம். எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இப்படியே. பழைய மேக் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சேர்ந்தே வரும். என் மனைவியின் பழைய மேக்கிலிருந்து வந்த படங்களும் என் லேப்டாப்பிலிருந்து வந்தவையும் அதனால் தனித்தனி ஃபோல்டராக நின்றன. கான்வ்எம்வி என்ற கருவி ஒரே கட்டளையில் எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும். முதலில் வெறும் ஒத்திகையாக ஓடவிட்டு என்ன மாறப்போகிறது என்று காட்டும், அதை அவசியம் படித்துப் பாருங்கள். கொலு, தோட்டம், மொட்டை, பொங்கல் என்று எங்கள் வீட்டு விசேஷங்களில் பாதி இந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது.

இந்த இரண்டு சிக்கலையும் ஆங்கிலத்தில் கோப்புப் பெயர் வைப்பவர் சந்திக்கவே மாட்டார். வழிகாட்டிக் கட்டுரைகளில் இது இல்லாததற்கு அதுதான் காரணம். தமிழில் பெயர் வைத்திருப்பவர்கள் டிஸ்க் மாற்றுவதற்கு முன்பே, 85 குறியீட்டைத் தாண்டிய பெயர்களைப் பட்டியல் எடுத்துவிடுவது நல்லது. நகல் முடிந்ததும் ஆர்சிங்க்கை, உள்ளடக்கத்தையே சரிபார்க்கும் செக்சம் ஒப்பீட்டோடு இன்னொருமுறை ஓடவிட்டேன். முதல் தடவை அது அளவையும் தேதியையும்தான் பார்க்கும்.

டியூனர்

டிவிஹெட்எண்ட்டை மட்டும் கண்டெய்னரில் போடவில்லை. கண்டெய்னருக்குச் சொந்தமாக கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது. டிஷ் சிக்னலைப் பிடிக்கும் டியூனரின் டிரைவரை ப்ராக்ஸ்மாக்ஸிலேயே ஏற்ற வேண்டியிருக்கும். அடுத்த புதுப்பிப்பில் டிரைவர் உடைந்தால் மொத்தப் பெட்டியும் சேர்ந்து தடுமாறும். தனி விஎம் என்றால் சேதம் அதற்குள்ளேயே நின்றுவிடும்.

இரண்டு நாள் டியூனர் தெரியவே இல்லை. முதல் காரணம், நான் விஎம்முக்கு எடுத்த டெபியனின் கிளவுட் பதிப்பு. அதன் கர்னலில் டிவி டியூனர் டிரைவர்கள் சேர்ப்பதில்லை. சாதாரண கர்னலைப் போட்டதும் டியூனர் ஒரு கணம் வந்து மறுபடி மறைந்தது. இந்த யூஎஸ்பி டியூனர் கரண்ட் வந்ததும் ஓர் அடையாள எண்ணோடு எழும்; ஃபர்ம்வேர் ஏறியதும் துண்டித்துக்கொண்டு வேறு எண்ணோடு திரும்ப வரும். நான் முதல் எண்ணை வைத்து விஎம்முக்கு ஒப்படைத்திருந்தேன். எண்ணுக்குப் பதிலாக யூஎஸ்பி போர்ட்டையே ஒப்படைத்ததும் சரியாகிவிட்டது. ஜிசாட்-15 செயற்கைக்கோளின் சிக்னல் வந்தது, டிடி தமிழ் வந்தது. பாட்டிக்கு அது இன்றும் பொதிகைதான். பேர் மாறி சில மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

எல்லாம் நன்றாக ஓடியதால் ராஸ்பெரி பையையும் நிறுத்திவிட்டு பை-ஹோலை ஒரு கண்டெய்னராக உள்ளே கொண்டுவந்தேன். அடுத்த ஞாயிறு, கூடுதல் டிஸ்க்குகளுக்காக ஒரு சாட்டா கார்டு சொருகினேன். பெட்டி எழுந்தது, விளக்கு எரிந்தது, வலையில் மட்டும் இல்லை.

லினக்ஸ், நெட்வொர்க் போர்ட்டுக்குப் பெயர் வைப்பது அது எந்தப் பிசிஐ இடத்தில் இருக்கிறது என்பதை வைத்து. புதுக் கார்டு நடுவில் வந்து உட்கார்ந்ததும் அந்த எண்கள் ஒன்று தள்ளிப்போயின. போர்ட்டின் பெயர் மாறியது. பெட்டியை வலையோடு இணைக்கும் ப்ராக்ஸ்மாக்ஸின் பாலம் இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. திருத்துவது ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரி தெரிய எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் வீட்டில் யாருக்கும் இன்டர்நெட் இல்லை. முகவரி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய பை-ஹோல் அந்தப் பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. மகளுக்கு மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய பள்ளி வேலை பாதியில் நின்றது. மனைவி அலுவலக அழைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டார். பரணிலிருந்து மானிட்டரையும் கீபோர்டையும் இறக்கி, போனின் டேட்டாவில் தேடி, ஒருவழியாகச் சரிசெய்தேன். பிறகு போர்ட்டின் மேக் முகவரியை (மாறாத வன்பொருள் எண்) வைத்து அதன் பெயரை நிலையாகக் கட்டிவிட்டேன்.

அன்று இரவு ஒரு தாளில் வீட்டிலுள்ள சேவைகளை எல்லாம் எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டேன்: இந்தப் பெட்டி செத்தால் இதுவும் சேர்ந்து சாகலாமா? படம் சாகலாம். பாட்டு சாகலாம். டிவி ஒரு மாலை நின்றால் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். இன்டர்நெட் நிற்கக்கூடாது. பேக்கப் அந்தப் பெட்டிக்குள் இருக்கவே கூடாது. பை-ஹோல் மறுநாளே தன் பழைய ராஸ்பெரி பைக்குத் திரும்பியது. நாலு வாட்டை மிச்சம் பிடிப்பதற்காக அதை உள்ளே இழுத்திருக்கவே வேண்டாம்.

பழைய நாஸ் இப்போது பேக்கப் பெட்டி. ஞாயிறு விடியற்காலை ப்ராக்ஸ்மாக்ஸ் அதை வலை வழியாக எழுப்பும்; விஎம், கண்டெய்னர் நகல்களும் அப்பாவின் பதிவுகளும் படங்களும் ஏறியதும் அதுவே படுத்துக்கொள்ளும். டிவியில் பதிவு செய்த நிகழ்ச்சிகளுக்கும் டிவிடியிலிருந்து எடுத்த படங்களுக்கும் பேக்கப் இல்லை. டிவிடிகள் அலமாரியில் இருக்கின்றன. மிரர் பேக்கப் ஆகாது. ஒரு ஃபோல்டரைத் தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். மூன்றாவது நகல் ஒரு யூஎஸ்பி டிஸ்க், மதுரையில் அக்கா வீட்டு பீரோவில். போகும்போதெல்லாம் மாற்றிக்கொண்டு வருகிறேன். ஒருமுறை ஜெல்லிஃபின் கண்டெய்னரை வேண்டுமென்றே அழித்துவிட்டு நாஸிலிருந்து மீட்டேன். ஆறு நிமிடத்தில் திரும்பி வந்தது, பார்த்து நிறுத்திய இடங்கள் உட்பட.

யூபிஎஸ்ஸை யூஎஸ்பியில் இணைத்து நட் என்ற மென்பொருளிடம் கொடுத்திருக்கிறேன். கரண்ட் போய் ஐந்து நிமிடம் தாண்டினால் விஎம், கண்டெய்னர், கடைசியில் பெட்டி என்று முறையாக நிற்கும். கரண்ட் வந்தால் தானே எழும்படி பயாஸில் ஓர் அமைப்பு உண்டு. பழைய அலுவலகப் பெட்டிகளில் அது அணைந்தே வரும், மறக்காமல் மாற்றுங்கள்.

இப்போது பெட்டி சராசரியாக 43 வாட், பை 4. இரண்டு மாதத்துக்கு 68 யூனிட், முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவு. அடுத்த கோடையில் பில் 500-க்குக் கீழே வந்தது. மகளின் 4கே வீடியோ பாட்டி டிவியில் நிற்காமல் ஓடுகிறது. அந்த நேரத்தில் செயலியின் சுமை பத்து சதவீதத்தைத் தொடுவதில்லை.

ரவுட்டர் வைத்திருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ‘நெட் வரவில்லை என்றால் சின்னப் பச்சைப் பெட்டியின் வயரைக் கழற்றி, பத்து எண்ணி, திரும்பச் சொருகவும். அப்போதும் வராவிட்டால் கவரில் இருக்கும் கார்டை மாற்றிப் போடவும். பெரிய கறுப்புப் பெட்டியைத் தொட வேண்டாம், நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.’ கவருக்குள் ராஸ்பெரி பையின் எஸ்டி கார்டு நகல் ஒன்று. போன மார்ச்சில் நான் பெங்களூரில் இருந்தபோது அந்த இரண்டாவது வரி வரைக்கும் போக வேண்டி வந்தது. கார்டை மாற்றியது அப்பா.